வளைவா, கூழா, கவுன்சலரா?

எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தில் இந்த ஆண்டு ஆறு லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. பொருளாளர் என்பதால் பாஸ்புக் என் பீரோவில் இருக்கிறது. தூக்கம் கெட்டதும் எனக்குத்தான். நொய்யலுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கும் அரசு கலைக் கல்லூரி எங்களுடையது. பிள்ளைகள் பெரும்பாலும் டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். வீட்டில் தறி ஓடும், அல்லது அப்பா அம்மா பனியன் கம்பெனிக்குப் போவார்கள், அல்லது அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போவார்கள்.

இந்தப் பணத்தை மாணவர்களின் நலனுக்கே செலவழிப்பது என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எப்படி என்பதில்தான் மூன்று கூட்டம் ஓடிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் வந்த யோசனைகளை வடிகட்டினால் ஆறு மிஞ்சின: நுழைவாயிலில் வளைவு, கழிப்பறைக் கட்டடம், மளிகைப் பை, காலை உணவு, அவசரத்துக்குக் கைமாத்து, முழுநேரக் கவுன்சலர் (மனநல ஆலோசகர்). வேறு ஊர்களில் இதே மாதிரி சங்கம் நடத்துகிறவர்களுக்கும் உதவட்டும் என்று எங்கள் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த ஒரு பையனை நிறுத்தி, "சாப்பிட்டயா கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆச்சுங்க சார்" என்றுதான் பதில் வரும். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் அதே பதில்தான். நம்ம பக்கத்தில் இல்லை என்று வாய் திறந்து சொல்வது அவ்வளவு கூச்சம். என் காலத்தில் ஒரு செமஸ்டர் பரீட்சைக் கட்டணம் கட்டாதவர்களின் பெயர்ப்பட்டியலை வராந்தா பலகையில் ஒட்டினார்கள். என் பெயர் நான்காவதாக இருந்தது. பணம் தருவதற்குத் துறைத் தலைவர் தயாராக இருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அவரிடம் கேட்பதற்குப் பதிலாக நான் மூன்று நாள் கல்லூரிக்கே போகவில்லை. அதனால் ஒவ்வொரு யோசனையையும் நான் ஒரே கேள்வியால் உரசிப் பார்க்கிறேன்: இதை வாங்குவதற்கு அந்தப் பிள்ளை யாரிடமாவது போய் வாய் திறந்து கேட்க வேண்டுமா?

சரி, முதலில் சீக்கிரம் தள்ளிவிடக் கூடியவை.

வளைவு வேண்டும் என்றவர்கள் 1990களின் மாணவர்கள். தவறான எண்ணம் இல்லை. கோயில் டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஊர் நமது. ஆனால் வளைவுக்கு அடியில் நடந்து போகும் பெண்ணுக்கு அதனால் ஒரு டம்ளர் கூழ்கூடக் கிடைக்காது. மாணவர் நலன் என்று சொல்லி வாங்கிய நன்கொடையில் அதைக் கட்ட முடியாது என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கழிப்பறை அப்படித் தள்ளக் கூடியது அல்ல. மாணவிகள் பலர் காலையில் பஸ் ஏறியது முதல் மாலை வீடு திரும்பும் வரை தண்ணீரே குடிப்பதில்லை, போக இடம் சரியில்லை என்பதால். சிறுநீர்த் தொற்று, தலைவலி, மயக்கம் எல்லாம் அதோடு வருகிறது. என்றாலும் அரசுக் கட்டடத்தில் ஒரு செங்கல் வைக்கவே பொதுப்பணித் துறையிடம் போக வேண்டும். எங்கள் ஆறு லட்சம் அந்தக் கோப்புக்குள் போனால் எப்போது வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு மனு எழுதுவது, எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது, திரும்பத் திரும்பப் போய் நிற்பது என்று காலால் செய்கிற வேலை இருக்கிறது. அதைச் செய்கிறோம். பணத்தால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. நாப்கின் பெட்டியைத் துறை அறை அலமாரியில் வைத்திருந்தார்கள். வேண்டியவர்கள் பேராசிரியரிடம் கேட்டு வாங்க வேண்டும். பெட்டி மாதக் கணக்கில் அப்படியே இருந்தது. அதைக் கழிப்பறைக்குள் மாட்டி, தீரத் தீர நிரப்ப ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம்.

மளிகைப் பை யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் அங்கே படிக்கிறாள். அங்கே கல்லூரி வளாகங்களில் உணவு வங்கி என்பது பழகிப்போன ஏற்பாடு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993லேயே மாணவர்களே நடத்தும் உணவு வங்கி வந்துவிட்டது. அரிசி, பருப்பு, டப்பா உணவு என்று எடுத்துக்கொண்டு போய் அறையில் சமைத்துக்கொள்ளலாம். தனியாக அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் நிறைந்த இடத்துக்கு அது பொருந்தும். எங்கள் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு இருக்கிறவர்கள். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இவர்கள் வீட்டில் அரிசி இருக்கிறது. காலை ஆறரை மணிக்குள் அதைச் சோறாக்கித் தர ஆள்தான் இல்லை. அம்மா கம்பெனி வேனைப் பிடிக்கப் போயிருப்பார். அப்பா இரவு ஷிப்ட் முடிந்து தறிக்குடோனிலேயே தூங்கியிருப்பார். அதுவும் போக, பையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகிற பெண்ணைப் பார்த்து, "என்ன அம்மணி, காலேஜ்ல ரேஷனா?" என்று கேட்க ஒரு வாய் போதும். அடுத்த மாதம் அவள் வர மாட்டாள்.

இப்போது கவுன்சலர். இதில்தான் எங்களுக்குள் நிஜமான சண்டை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலைகள் தொடர்பான வழக்கில் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. "கோர்ட்டே சொல்லிவிட்டது, முழுநேர ஆளைப் போடுங்கள்" என்கிறது ஒரு தரப்பு. மாதம் முப்பதாயிரம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 3,60,000 ரூபாய். எங்கள் பணத்தில் அறுபது விழுக்காடு. அது அரசும் நிர்வாகமும் செய்ய வேண்டிய நியமனம்; நாம் போட்டுவிட்டால் அந்தக் கடமையை யாரும் அவர்களுக்கு ஞாபகப்படுத்த மாட்டார்கள் என்பது என் கட்சி.

ஆனால் செலவைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. கொங்கு நாட்டில் ஒருவரை முதல் தடவை பார்த்தால் என்ன கேட்போம்? "எந்த ஊருங்க? யாரு வீட்டுப் பிள்ளை?" மூன்றாவது கேள்வி எது என்று உங்களுக்கே தெரியும். நாம் அன்பாகத்தான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு பையனிடம் மனம் விட்டுப் பழகியதால் வீட்டுக்குப் பயந்து தூக்கம் இல்லாமல் இருக்கிற பெண், இந்தக் கேள்வியைக் கேட்ட உடனே எழுந்து போய்விடுவாள். அவள் ஊர்ப் பெயரைச் சொன்னால் கேட்பவருக்கு அங்கே ஒரு சித்தப்பா இருப்பார். சாயங்காலத்துக்குள் விஷயம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். அதனால் உள்ளூர்க்காரர் வேண்டாம். கோவையிலிருந்தோ சேலத்திலிருந்தோ வரட்டும். முதல்வர் அறைக்குப் பக்கத்தில் "மனநல ஆலோசனை மையம்" என்று பலகை மாட்டிய அறையும் வேண்டாம். நூலகத்துக்குப் பின்னால் ஒரு அறை போதும். புத்தகம் எடுக்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

முழுநேரம் ஒருவர் என்பதை விட்டு, வாரம் இரண்டு நாள் வருகிறவர் என்று வைத்துப் பார்த்தோம். ஒரு வருகைக்கு 1,500 ரூபாய், ஆண்டுக்கு 36 வாரம், 1,08,000 ஆகிறது. ஒரு நாள் பெண் ஆலோசகர், ஒரு நாள் ஆண். மீதி நாட்களுக்கு அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, இரவிலும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. இந்த எண் எங்கள் கல்லூரியில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். அறிவிப்புப் பலகையில், டெண்டர் நோட்டீஸுக்கு அடியில். எல்லோரும் பார்க்க நிற்கும் இடத்தில் அந்த எண்ணை எவன் குறித்துக்கொள்வான்? கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். மருந்து தேவைப்படுகிற நிலையில் இருப்பவர்களை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அதற்குப் பணம் ஆகாது. கூட ஒரு ஆள் போனால் போதும்.

அடுத்தது கைமாத்து. இதைப் பற்றிப் பேசும்போது மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 செப்டம்பர் 5ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி நம்ம கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கியது. நேராக வங்கிக் கணக்கில் விழுகிற பணம். யாரிடமும் நிற்க வேண்டியதில்லை. நான் சொல்கிற உரைகல்லில் பத்தரை மாற்று. "அதான் அரசாங்கமே குடுக்குதே, நாம எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கு. நம்ம பகுதி தனியார் மெட்ரிக் பள்ளிகளுக்குப் பேர்போனது. லாரி டிரைவர்கூடக் கடன் வாங்கிப் பிள்ளையை அங்கே சேர்த்துவிடுவார். அந்தப் பிள்ளை பிற்பாடு அரசுக் கல்லூரிக்கு வரும்போது வீட்டில் கடனும் இருக்கும், ஆயிரமும் வராது. திருப்பூருக்குப் பிழைக்க வந்த வெளிமாநிலக் குடும்பத்துப் பிள்ளை, எட்டாவது வரை பீகாரில் படித்திருந்தால் அதற்கும் வராது. வருகிறவர்களிலும் பலருக்கு அந்த ஆயிரம் வீட்டு மளிகைக் கடைக்குப் போய்விடுகிறது. அதில் தப்பும் இல்லை.

ஆக மாதச் செலவுக்கு வழி இருக்கிறது. திடீர்ச் செலவுக்குத்தான் இல்லை. கண்ணாடி உடைந்தது, அப்பா விரல் தறியில் மாட்டிக்கொண்டது, பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள். அப்போது பையன் என்ன செய்கிறான் என்றால், இரண்டு வாரம் கம்பெனிக்குப் போகிறான். செக்கிங், அடுக்கிக் கட்டுகிற வேலை, ஒன்றரை ஷிப்ட். காசு கையில் வந்துவிடும். ஆனால் வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும், அதற்கு அபராதம் தனி. அப்புறம் ஒரு பருவம் போகும், அப்புறம் படிப்பே போகும். எங்கள் வகுப்பிலேயே அப்படிப் போனவர்கள் உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்குப் போன படிப்புகள்.

இதை இனாமாகக் கொடுப்பதா, கடனாகக் கொடுப்பதா? நகரத்து நண்பர்கள் இனாம்தான் கௌரவம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இனாம் என்றால் நம்ம பிள்ளைகள் வாங்க மாட்டார்கள். "கைமாத்து" என்றால் வாங்குவார்கள். கைமாத்து வாங்காத வீடு இந்தப் பக்கத்தில் கிடையாது. மொய் நோட்டு மாதிரி, வந்தது திரும்பும் என்ற கணக்கு. வட்டி கிடையாது, கெடு கிடையாது, பத்திரம் கிடையாது. வேலைக்குப் போன பிறகு முடிந்தபோது தரலாம். தராவிட்டால் யாரும் கேட்க மாட்டோம். வருமானச் சான்றிதழும் கேட்கப் போவதில்லை. அதை வாங்க இ-சேவை மையத்துக்கு அலைந்து முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விடும். இங்கே வாய் திறந்து கேட்கத்தான் வேண்டும், தப்ப முடியாது. ஆனால் ஒரே ஒருவரிடம், கமிட்டியிடம் அல்ல. மாணவர்கள் யாரிடம் இயல்பாகப் பேசுகிறார்கள் என்று விசாரித்தோம். பேராசிரியர் பெயர் ஒன்றும் வரவில்லை; நூலக உதவியாளராக இருக்கும் அம்மாவின் பெயர் வந்தது. அவர் ஒப்புக்கொண்டால் அவரிடமே ஐயாயிரம் வரை கொடுக்கும் அதிகாரம் இருக்கும். எனக்கு வருகிற கணக்கில் தொகையும் தேதியும் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. ஒரு பொருளாளர் இப்படி எழுதுவதைப் பார்த்து ஆடிட்டர் முறைத்தார். சீல் வைத்த உறையில் பெயர்கள் முதல்வரிடம் இருக்கட்டும், தேவைப்பட்டால் மட்டும் திறக்கலாம் என்று சமாதானம் ஆயிற்று.

மிச்சம் இருப்பது காலை உணவு. நான் ஆரம்பத்திலிருந்தே இதன் பக்கம்தான், மறைக்கவில்லை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022இல் வந்தது. ஐந்தாம் வகுப்பு வரைதான். மதிய சத்துணவு பத்தாவதோடு நின்றுவிடுகிறது. வளர்கிற வயசு பத்தாவதோடு முடிந்துவிட்டது போல. கல்லூரி வாசலில் என்ன நடக்கிறது என்றால், எட்டேகாலுக்கு பஸ் இறங்கியதும் ஒரு டீ, ஒரு பன். அதுதான் மதியம் வரைக்கும். வெறும் வயிற்றில் டீ குடிப்பதோடு இன்னொரு கெடுதல் உண்டு: சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாமல் டீ தடுத்துவிடும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று வந்தது. காலை அசெம்ப்ளியில் மயங்கி விழுகிற பெண்ணுக்கு மனநல ஆலோசகரைவிட முதலில் வேண்டியது எது என்று நீங்களே சொல்லுங்கள். பசியோடு இருப்பவனிடம் மன அழுத்தம் பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

எப்படிக் கொடுப்பது என்பதிலும் மூன்று வழி இருந்தது. கேண்டீனில் டோக்கன் என்றால் சுலபம். ஆனால் டோக்கன் வைத்திருப்பவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் வேண்டாம். கேட்டரிங்காரரிடம் விட்டால் இட்லிப் பெட்டி வரும். மூன்றாம் மாதம் சாம்பார் தண்ணீராகும். பள்ளிக் காலை உணவைச் சமைக்கிறவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அந்த அனுபவம் உள்ளவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் வந்து கல்லூரியிலேயே சமைப்பது என்ற வழியை எடுத்துக்கொண்டோம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யச் சொற்பக் கட்டணம்தான். யார் சமைப்பது என்ற பேச்சு வரும்போது ஒருவர், "ஆளு யாருன்னு பாத்துப் போடுங்க" என்று இழுத்தார். 2018இல் அவினாசிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பட்டியலினப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரே கிளம்பிய கேவலம் நாடு முழுக்கச் செய்தியானது. அந்தப் பேச்சுக்கு எங்கள் கூட்டத்தில் இடம் இல்லை என்று தலைவர் சொன்னார். நல்ல வேளை, அதற்குமேல் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

என்ன போடுவது என்பதில் எனக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. பூரி கிழங்கு வைத்தால் வீட்டில் சாப்பிட்டு வந்தவனும் வரிசையில் நிற்பான். நூறு பேர் இருநூறு ஆவார்கள். ராகிக் கூழ் மோர் விட்டுக் கரைத்தது, கூடச் சின்ன வெங்காயம், ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல், வேகவைத்த முட்டை ஒன்று. இதை வைத்தால் பசித்தவன் வருவான், பசிக்காதவன் பார்த்துவிட்டுப் போவான். யாரையும் பிரிக்கப் பட்டியல் தேவையில்லை. சுண்டலில் எலுமிச்சை பிழிந்துவிட்டால் இரும்புச் சத்து நன்றாக ஒட்டும். முட்டை நாமக்கல்லிலிருந்து வருகிறது. விலை தினம் மாறினாலும் நமக்குப் பக்கம் என்பது லாபம். முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். "ஏழைப் பிள்ளைகளுக்குக் கூழ்தானா?" என்று என் மனைவி கேட்டாள். அடி விழுந்த மாதிரி இருந்தது. அதனால் புதன்கிழமை மட்டும் அரிசியும் பருப்புஞ் சாதம், நெய் விட்டு. அன்றைக்கு வரிசை நீளும் என்று தெரியும். நீளட்டும்.

கணக்கு: 80 பேர், ஆளுக்கு 25 ரூபாய், இரண்டு செமஸ்டரும் சேர்த்து 180 நாள். மொத்தம் 3,60,000. தட்டுக்கு 25 ரூபாய் போதுமா என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. அரசு விடுதிகளில் கல்லூரி மாணவருக்கு உணவுப் படி மாதம் 1,500 ரூபாய் என்று 2023இல் உயர்த்தினார்கள். நாளுக்கு 50, மூன்று வேளைக்கும் சேர்த்து. அதோடு பார்த்தால் நம்முடையது தாராளம்தான். 81ஆவது ஆள் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். கூழில் மோரைக் கூட்ட வேண்டியதுதான்.

காலை உணவு 3,60,000, ஆலோசகர்கள் 1,08,000, கைமாத்து ஒரு லட்சம். மீதி 32,000த்தில் அடுப்பு, பாத்திரம், நாப்கின். மூன்றாவது கூட்டத்தில் இந்தக் கணக்கை வாசித்தேன். முழுநேரக் கவுன்சலர் கேட்டவர்கள் அடுத்த வருடம் மறுபடி பேசுவோம் என்றார்கள். நீதிமன்ற நெறிகளைச் சுட்டிக்காட்டிக் கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிற பொறுப்பை அவர்களிடமே கொடுத்தோம். வளைவு கேட்ட அண்ணன் மட்டும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கடைசியில் எழுந்து, பெரிய அண்டா இரண்டும் தன் செலவு என்றார். கை தட்டினோம்.

"அதுல பேர் வெட்டிக்கலாமுங்களா?" என்றார்.

"வெட்டிக்குங்கண்ணா, அடிப்பக்கம்."